புள்ளி மாசன்று: படக்கோப்பு மாற்றமும் நமது ஆவணங்களும்

கலைப்பீட மாணவர் மத்தியிலும் அவர்களுக்குக் கற்பிப்போர் மத்தியிலும் ஒரு கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. ஆவணத்தை வாசித்தல், ஒப்புநோக்கல், பொருள் கூறல் ஆகியன நமது பணி. அதனைப் படமாக்குவதும், அப்படத்தை ஒரு கோப்பு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் தொழினுட்பவியலாளரின் பணி. அங்கு நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதே அக்கருத்தாகும். இக்கருத்துத் தவறானது என்பதும், மலையக மக்களின் ஆவணங்களைப் பொறுத்தவரை பெருந்தீங்கு பயப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதம். படக்கோப்பொன்றை வேறொரு வடிவத்துக்கு மாற்றும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது என்ற தீர்மானம் எடுக்கப்படுகிறது. ஏட்டுச்சுவடியை அச்சுக்குக் கொடுத்தவர் எடுத்த தீர்மானமும் இத்தகையதே. அதனை நாம் பதிப்புப் பணி என்கிறோம். படமாற்றத்தையும் அப்பெயரால் அழைத்து, பதிப்பாசிரியனிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்பதே முறை.

நிரல் நூலகமும் அதன் முன்னமைவுகளும்

நூலகம் என்னும் சொல் கணினித்துறையில் வேறொரு பொருளிலும் வழங்குகின்றது. நிரல் எழுதுவோர் பலருக்கும் மீண்டும் மீண்டும் வேண்டப்படும் செயல்களை ஒருமுறை செவ்வையாக எழுதி, எவரும் அழைத்துப் பயன்படுத்தத்தக்க வகையில் தொகுத்துவைத்தால் அத்தொகுப்பு நிரல் நூலகம் எனப்படும். படங்களைக் கையாளும் நூலகங்கள் பல உள. 1987இல் டுபோன்ட் நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் கிறிஸ்டி எழுதத் தொடங்கி, 1990இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்ட இமேஜ்மஜிக் அவற்றுள் ஒன்று. பைதன் மொழியில் நிரல் எழுதுவோர் கையாளும் பில்லோ மற்றொன்று. இது 1990களில் பிரெட்ரிக் லுண்ட் உருவாக்கிய பழைய நூலகமொன்றின் கிளையாகும். இவை இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. இவற்றின் மூலநிரலை எவரும் திறந்து வாசிக்கலாம். இணையத்தளமொன்று நாம் அனுப்பிய படத்தைச் சிறிதாக்கும்போதும், செயலியொன்று பீடிஎஃப் கோப்பின் பக்கத்தைத் திரையிற் காட்டும்போதும் இத்தகைய நூலகமொன்றே உள்ளிருந்து தொழிற்படுகின்றது.

படக்கோப்பு வடிவங்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. டிஃப் என்னும் வடிவத்தை 1986இல் ஓல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. அச்சுப் பக்கம் அமைக்கும் மென்பொருளை விற்ற நிறுவனம் அது. வருடிகளிலிருந்து வரும் படங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான வடிவில் இருக்கவேண்டும் என்பது அதன் வணிகத் தேவை. ஜேபெக் 1992இல் நியமமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஜிஃப் வடிவம் பயன்படுத்திய சுருக்க முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கோரியபோது, அதற்கு எதிராகத் தன்னார்வ நிரலாளர் பலர் 1995இல் ஒன்றுகூடி உருவாக்கியதே பிஎன்ஜி. ஆகவே ஒவ்வொரு வடிவத்தின் பின்னாலும் ஒரு தேவையும், ஒரு நலனும், சில வேளைகளில் ஒரு போராட்டமும் உண்டு. கருவி நடுநிலையானது என்று கூறுவோர் இவ்வரலாற்றை அறியாதோராவர்.

இவ்வடிவங்களிடையே அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. பிஎன்ஜி படத்தைச் சுருக்கும். ஆயின் விரிக்கும்போது ஒரு துணுக்கும் குறையாது மீளத்தரும். ஜேபெக்கோ படத்தை எட்டுக்கு எட்டான சிறு சதுரங்களாகப் பிரித்து, மனிதக் கண் எளிதில் உணராது எனக் கருதப்படும் நுண்வேறுபாடுகளைக் கழித்துவிட்டு எஞ்சியதைச் சேமிக்கின்றது. கழிக்கப்பட்டது மீண்டும் வராது. மலைக்காட்சிக்கும் மணமக்கள் படத்துக்கும் இது போதும். எழுத்து அவ்வாறானதன்று. அது வெள்ளைத் தாளிற் சட்டெனத் தொடங்கிச் சட்டென முடியும் கறுப்புக் கோடு. அத்தகைய கூரிய விளிம்புகளிலேயே ஜேபெக் சுருக்கம் மிகுதியாகத் தடுமாறுகின்றது. ஜேபெக்காகச் சிதைந்த படத்தைப் பின்னர் டிஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ மாற்றினால் கோப்பின் பருமன் கூடுமேயன்றி இழந்த எழுத்து மீளாது. கிழிந்த துணியைப் புதிய பெட்டியில் வைத்த கதை அது.

எவ்வளவு கழிப்பது என்பதை யார் தீர்மானிக்கின்றார்? நிரலை எழுதுபவர் ஒன்றும் கூறாவிடின் நூலகமே தீர்மானிக்கின்றது. இதற்கு முன்னமைவு என்று பெயர். பில்லோ நூலகம் ஜேபெக் கோப்பைச் சேமிக்கும்போது, வேறு கட்டளை இல்லையேல், தரத்தை 75 என வைத்துக்கொள்கின்றது. இமேஜ்மஜிக் பீடிஎஃப் பக்கமொன்றைப் படமாக வரையும்போது, வேறு கட்டளை இல்லையேல், அங்குலத்துக்கு 72 பிக்சல் என்ற அளவில் வரைகின்றது. இவை தீய நோக்கத்துடன் வைக்கப்பட்ட எண்களல்ல. பொதுப் பயனுக்கு ஏற்றவையென அவற்றை எழுதியோர் கருதியவை. ஆனால் அந்த எண்ணைத் தேர்ந்தவரின் கண்முன் யாழ்ப்பாணத்திலோ அட்டனிலோ மலிவுத் தாளில் அச்சான ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரம் இருந்திருக்கும் என்று எவரும் நம்பமாட்டார். முன்னமைவை மாற்றாது விடுபவர் தாம் ஒன்றும் செய்யவில்லை என எண்ணுகின்றார். உண்மையில் அவர் வேறொருவருடைய தீர்மானத்தைத் தம் ஆவணத்தின்மேல் நிறைவேற்றுகின்றார்.

புள்ளியின் நிலை

தமிழெழுத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு யாது? மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெற்று நிற்றல் என்பதைத் தொல்காப்பியத்தின் நூன்மரபே வகுத்துரைத்துள்ளது. எனினும் ஓலையில் எழுதியோர் புள்ளியை இடுவதில்லை. எழுத்தாணியாற் குத்தினால் ஓலை பொத்துவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றாகவே இருந்தது. ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஏட்டை வாசிப்போர் பொருளறிந்தே எழுத்தறிய வேண்டியிருந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பட்ட பாட்டிற் பெரும்பகுதி இதனால் விளைந்தது. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் நெட்டெழுத்துக்குச் சுழித்த கொம்பை வகுத்தமையும், அச்சு வந்தபின் புள்ளி எங்கும் நிலைபெற்றமையும் தமிழ் வாசகனை அந்த ஊகத்திலிருந்து விடுவித்தன. எழுதப்பட்டது எதுவோ அதனை எவரும் அவ்வாறே வாசிக்கலாம் என்ற நிலை அப்போதே உருவாயிற்று.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். அச்சுத் தொழிலில் ஓர் அங்குலம் 72 பொயின்ற் கொண்டது. பத்துப் பொயின்ற் எழுத்தில் அச்சிட்ட பக்கத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் படமாக்கினால் எழுத்தின் முழு உடலுக்கும் ஏறத்தாழ 42 பிக்சல் உயரம் கிடைக்கும். புள்ளியின் குறுக்களவு அதிற் பத்திலொரு பங்கென்று கொண்டால் அதற்கு நான்கு பிக்சல் உண்டு. அதே பக்கத்தை 72 என்ற முன்னமைவில் வரைந்தாற் புள்ளிக்குக் கிடைப்பது ஒரேயொரு பிக்சல். அதன்மேல் ஜேபெக் சுருக்கமும் வந்தால் அந்த ஒற்றைப் பிக்சல் சாம்பற் படலமாகக் கரைந்துபோம். 'பல்' என்பது 'பல' ஆகும். 'மண்' என்பது 'மண' ஆகும். கொம்பின் சுழி மங்கினால் 'பேறு', 'பெறு' ஆகும். 'கேடு', 'கெடு' ஆகும். ரகரத்தின் கீழ்க்கோடு மங்கினால் அது காலாகும். அச்சு இயந்திரம் நமக்கு ஈட்டித்தந்தவற்றை வரிசைப்படி திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் ஓலைக் காலத்துக்குச் செல்கின்றோம்.

இதனினும் கொடியது மாசு நீக்கம். பழைய தாள்களிற் பூஞ்சணமும் மையும் தெறித்த பொட்டுகள் இருத்தல் இயல்பு. அவற்றை அகற்றுவதற்கென்றே நிரல் நூலகங்களிற் செயற்கூறுகள் உள்ளன. எதனோடும் ஒட்டாது தனித்து நிற்கும் சிறிய கறுப்புத் திட்டு எதுவோ அது மாசு என்பதே அவற்றிற் பலவற்றின் இலக்கணம். தமிழ்ப் புள்ளியின் இலக்கணமும் சொல்லுக்குச் சொல் அதுவே அன்றோ? ஆங்கிலத்தில் ஐ என்னும் எழுத்தின் மேற்பொட்டு நீங்கினாலும் அது அதே எழுத்தாகவே வாசிக்கப்படும். தமிழில் ஒரு புள்ளி நீங்கினால் மெய் உயிர்மெய்யாகின்றது. ஆங்கிலப் பக்கத்துக்கு ஏற்ற அளவையை மாற்றமின்றித் தமிழ்ப் பக்கத்தின்மேல் ஏவுவது துப்புரவன்று, அது பாடச்சிதைவு. அதன் பயனாகக் கிடைக்கும் பக்கம் பார்ப்பதற்கு வெண்மையாகவும் அழகாகவும் இருக்கும். அதனாலேயே எவரும் ஐயுறமாட்டார்.

தொடர்ச்சியான உரைநடையில் வாசகர் சூழ்நிலை நோக்கித் திருத்தி வாசித்துவிடுவார் என்று கூறலாம். ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியலில் எந்தச் சூழ்நிலையை நோக்குவது? அங்கு ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆள்.

1964 என்னும் எண்

எழுத்துக்கு நேர்வது எண்ணுக்கும் நேரும். 2013இல் டேவிட் கிறீசல் என்ற செருமானியக் கணினியறிஞர் வியக்கத்தக்க உண்மையொன்றை வெளிப்படுத்தினார். செறொக்ஸ் நிறுவனத்தின் சில படியெடுக்கும் இயந்திரங்கள் கட்டட வரைபடமொன்றை வருடியபோது, அறைகளின் பரப்பைக் குறித்த எண்களை வேறு எண்களாக மாற்றியிருந்தன. தொடர்ந்து சோதித்தபோது 6 என்பது 8 ஆக மாறியிருந்தமையும் கண்டறியப்பட்டது. இயந்திரம் எழுத்துகளை அடையாளங்காண முயன்று பிழைத்ததன்று. அது படத்தை மட்டுமே எடுத்தது. ஜேபிக்2 என்னும் சுருக்க முறையில், பக்கத்திலுள்ள ஒத்த தோற்றமுடைய திட்டுகளுள் ஒன்றை மட்டும் சேமித்து, மற்றவற்றின் இடத்திலெல்லாம் அதனையே பதித்துவிடும் வழியொன்றுண்டு. இரண்டு திட்டுகள் போதிய அளவு ஒத்திருக்கின்றன என்று அது தவறாக முடிவுசெய்த இடத்தில் எண் மாறிற்று. மங்கலோ சிதைவோ இல்லை. கூர்மையான, தெளிவான, பிழையான எண். நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. செருமனியின் தகவற் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகமும், மூலத்தாளுக்கு ஈடாக வைக்கும் படிகளுக்கு இத்தகைய மாற்றீட்டு முறை ஆகாது என வழிகாட்டியது.

இச்செய்தியை இலங்கையின் மலையகத் தமிழன் வேறொரு கண்கொண்டு வாசிக்க வேண்டியவனாகின்றான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்திருந்தும் தந்தையின் பிறப்பையோ, பாட்டன் பூட்டன் ஆகியோரின் பிறப்பையோ இந்நாட்டதென நிறுவ இயலாத தோட்டத் தொழிலாளர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 150,000 பேரின் கதியைப் பின்னர் தீர்மானிப்பதென விட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோது, அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அத்தகையவரின் வழித்தோன்றல் என்பதையே தகைமையாக வகுத்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகாலம் ஒரு சமூகத்தின் இருப்பு தாளில் எழுதப்பட்ட ஆண்டெண்களின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1964 என்பதில் 6 இருந்த இடத்தில் 8 வந்தால் அது 1984. இங்கு அவ்வாறு நேர்ந்தது என்று நான் கூறவில்லை. நேரக்கூடிய பொறிமுறை உலகெங்கும் அலுவலகங்களில் ஆண்டுக்கணக்காக இருந்தது. அதனை எவரும் கவனிக்கவில்லை என்பதே கூறவந்தது. மூலத்தாளை வைத்திருந்தவர் மட்டுமே அப்பிழையை மெய்ப்பிக்க முடிந்தது. மூலத்தாளைக் கறையான் தின்றுவிட்டால், அல்லது படி எடுத்தாயிற்றே என்று தூக்கியெறிந்துவிட்டால், பிழையே சான்றாகும்.

சப்பிரகமுவவில் இவ்வாபத்து மிகுதி. ரம்புக்கனை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் தோட்டங்கள் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களைப் போல் மலைத்தொடர் முழுவதும் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடப்பவையல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே, இறப்பரும் தேயிலையுமாகச் சிதறியிருப்பவை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போதும், 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமையின்கீழ் வந்தபோதும் பெருந்தோட்டங்கள் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றமும் அலுவலகக் காகிதம் சிதறுவதற்கு ஒரு வாய்ப்பு. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் லயங்கள் எரிந்தபோது தகரப் பெட்டிகளும் எரிந்தன. எஞ்சியிருப்பவை எவை? பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், செக்றோல் பக்கங்கள், தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டு, தோட்டப் பாடசாலை இடாப்பு, மரண சகாய நிதிக் குறிப்பேடு, காமன் கூத்து வாத்தியார்களின் கையெழுத்துக் கொப்பி. இவற்றிற்கு இரண்டாம் படி கிடையாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் அச்சு நூல்கள் சிலவற்றுக்கேனும் வேறிடத்திற் பிரதி தேட முடிந்தது. கங்காணி கைப்பட எழுதிய கணக்குக்கு எங்கே தேடுவது?

எழுத்தைப் படமாக வரைதல்

இதுவரை கூறியது தாளிலிருந்து படத்துக்குச் செல்லும் வழி. கணினியிலுள்ள எழுத்தைப் படமாக வரையும் எதிர்வழியும் உண்டு. சான்றிதழ், அடையாள அட்டை, அறிவித்தல், பெயர்ப்பலகை ஆகியவற்றை நிரல்மூலம் உருவாக்கும்போது நிகழ்வது இதுவே. கொம்பு இடம்மாறி, மெய்க்குப் பின்னால் வெற்று வட்டமொன்றைத் தழுவிக்கொண்டு நிற்கும் தமிழ்ச் சொற்களைக் காணாதவர் நம்மில் இலர்.

இதன் காரணம் எளிது. ஒருங்குறியில் 'கெ' என்பது முதலிற் ககரம், பின்னர் கொம்பு என்ற ஒலிமுறைப்படி சேமிக்கப்படுகின்றது. கண்ணுக்கோ கொம்பு முன்னே வரவேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் அமரவேண்டும். இவ்வொழுங்கமைப்பைச் செய்வதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற தனி நூலகம் தேவை. அது இலவசமானது, ஃபயர்பொக்ஸ், குரோம், அண்ட்ரொயிட் ஆகியவற்றில் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதன் உதவியினாலேயே. பில்லோ நூலகத்திலும் ராக்ம் என்ற துணைநூலகம் இணைக்கப்பட்டிருந்தால் அது ஹார்ஃப்பஸ்ஸின் துணைகொண்டு தமிழைச் செவ்வையாக வரையும். இணைக்கப்படாதிருந்தாற் குறிகளைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் வெற்றிகரமாக முடிந்ததென்றே கணினி கூறும்.

இத்தகைய எழுத்துகளைக் கணினித்துறையார் சிக்கலான எழுத்துமுறைகள் என வகைப்படுத்துவர். உலகில் எத்தனையோ கோடி மக்கள் எழுதும் தேவநாகரியும் அரபும் சிங்களமும் தமிழும் சிக்கலானவை. இலத்தீன் மட்டும் இயல்பானது! இந்தச் சொல்வழக்கை நாமும் ஏற்று, தமிழ் கணினிக்கு ஒத்துவராத மொழி என்று பேசும் பட்டதாரிகளை எண்ணி வெட்கப்படவேண்டும். குறைபாடு மொழியில் இல்லை. ஓர் இணைப்பைச் செய்யாமலும், வெளிவந்த படத்தைத் தமிழறிந்த ஒருவர் பார்க்காமலும் விட்டமையே குறைபாடு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரசகரும மொழியொன்று கொம்பு சிதறிக் கிடப்பதைத் தொழினுட்பக் கோளாறு என்று மன்னித்துவிடுவது நமது பெருந்தன்மையாகாது.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படுபவை மூன்று.

முதலாவது, செலவு. இழப்பற்ற படிகள் பெரியவை. வறிய சமூகத்துக்குக் கட்டுப்படியாகா என்பர். கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏ4 பக்கமொன்று அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 2480க்கு 3508 பிக்சல் கொண்டது. சாம்பல் நிறத்தில், எவ்விதச் சுருக்கமுமின்றி, அதற்கு ஏறத்தாழ 8.7 மெகாபைட் போதும். முழு வண்ணத்தில் 26 மெகாபைட். நூறு பக்க நூலொன்று சாம்பல் நிறத்தில் 870 மெகாபைட். ஒரு டெராபைட் வட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் அடங்கும். இழப்பற்ற சுருக்கத்தைப் பயன்படுத்தினால் இன்னும் கூடுதலாக அடங்கும். சப்பிரகமுவத் தோட்டமொன்றின் எஞ்சிய காகிதம் முழுவதும் சட்டைப் பையிற் கொள்ளும் ஒரு வட்டுக்குள் அடங்கிவிடும். நீராவி இயந்திரக் காலத்திற் கடுகண்ணாவை ஏற்றத்துக்குமுன் ரம்புக்கனையிற் பாரமான வண்டிகளுக்கு மேலதிக இயந்திரம் பூட்டினார்கள். பாரத்தை இறக்கி எறிந்துவிட்டு ஏறலாம் என்று எவரும் யோசனை கூறவில்லை.

இரண்டாவது, அவசரம். தாள் அழிந்துகொண்டிருக்கும்போது தரம் பார்த்துக்கொண்டிருக்கலாமா? கிடைத்த தொலைபேசியாற் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதே மேல் என்பர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. நாளை அழியப்போகும் தாளுக்கு மங்கிய படமும் பெரும்பேறே. ஆனால் நல்ல படம் எடுப்பதற்கும் மோசமான படம் எடுப்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். கெடுதி நிகழ்வது பின்னரே. வட்ஸ்அப்பிற் படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படுகின்றது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேர்கின்றது. இரண்டுக்கும் வேறுபாடு விரலால் அழுத்தும் ஓர் இடமே. பலர் அதனை அறியார். அறிந்த நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, எதிர்கால நம்பிக்கை. செயற்கை நுண்ணறிவு மங்கிய படங்களைத் தெளிவாக்கிவிடும் என்பர். தெளிவாக்கும் என்பது உண்மை. எதனைத் தெளிவாக்கும்? இல்லாத விவரத்தை, தான் முன்னர் கண்ட ஆயிரமாயிரம் படங்களின் சாயலைக்கொண்டு அது இட்டுநிரப்பும். மங்கிய எண்ணைக் கூரிய எண்ணாக்கும். அது எந்த எண் என்பது ஊகம். செறொக்ஸ் இயந்திரம் செய்த பிழைக்கும் இதற்கும் தன்மையால் வேறுபாடில்லை. சிதைந்த அடிகளைத் தம் கற்பனையால் நிரப்பிவிட்டுக் குறிப்பும் இடாது சென்ற ஏடெழுதுவோரை நாம் இடைச்செருகல் செய்தோர் என்று கடிந்துகொள்கின்றோம். இயந்திரம் செய்தால் மட்டும் அதனை முன்னேற்றம் என்போமா?

நாம் செய்யத்தக்கவை

மின்வடிவாக்கப் பணியில் ஈடுபட்டுள்ளோரைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டத்தின் தன்னார்வலர் இல்லையேல் ஈழத்து நூல்களிற் பலவற்றை நம் தலைமுறை கண்ணாலும் கண்டிராது. குறை அவர்களைத் தனியே உழைக்கவிட்டு, அவர்கள் ஏற்றிய பீடிஎஃப்பைத் தரவிறக்கிப் பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போகும் பல்கலைக்கழகத்தினுடையது.

நுண்படச்சுருள் காலத்து ஆவணக்காப்பாளர் ஒரு நெறியைக் கடைப்பிடித்தனர். முதற்சுருளை எவருக்கும் கொடாது தனியே பேணுவர். வாசகருக்கு அதன் படியையே வழங்குவர். அந்நெறியை அப்படியே இங்கும் கொள்ளவேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இழப்பற்ற மூலப்படி ஒன்று, டிஃப் ஆகவோ பிஎன்ஜி ஆகவோ, வேறுவேறு இடங்களில் இரண்டு பிரதிகளாக இருக்கவேண்டும். டிஃப் என்ற பெயரும் தனியே போதாது. அதனுள்ளும் ஜேபெக் சுருக்கம் ஒளிந்திருக்கலாம் ஆதலின் அதனையும் உறுதிசெய்யவேண்டும். ஜேபெக்கும் பீடிஎஃப்பும் பயன்படிகள் மட்டுமே. அவற்றை எத்தனை முறையும் மூலப்படியிலிருந்து புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். மாசு நீக்கம் செய்வதாயின் அது பயன்படியில் மட்டும் நிகழவேண்டும். தமிழறிந்த ஒருவர் புள்ளிகளைச் சரிபார்க்கவேண்டும். திட்டுகளை மாற்றீடு செய்யும் சுருக்கமுறை எங்கும் ஆகாது. பீடிஎஃப்பினுள் உள்ள படம் தேவையாயின் அதனை மீள வரையாது, பொப்ளருடன் வரும் சிறு கருவியால் உள்ளபடியே பிரித்தெடுக்கவேண்டும். எங்கே, எவரிடமிருந்து, எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்புகளைக் கோப்பிலிருந்து அகற்றும் கட்டளையைப் பயன்படுத்தலாகாது. மூலத்தாளை அதன் உரிமையாளரிடமே, முன்னிருந்ததிலும் நல்ல உறையில் இட்டு ஒப்படைக்கவேண்டும்.

இவற்றைக் கற்க ஒரு தவணை போதும். தமிழ்த்துறையின் சுவடியியல், பதிப்பியல் பாடங்களிலும், வரலாற்றுத்துறையின் மூலாதாரப் பயிற்சியிலும் இது ஓர் அலகாகவேண்டும். பொறியியற்பீடத்தின் வாயிலிற் போய் நின்று யாசிக்கவேண்டிய அறிவன்று இது. பத்து வரி நிரலை வாசித்து, அதில் தரம் என்ன, அளவு என்ன, எந்தச் சுருக்கம் என்று கேட்கத் தெரிந்தாற் போதும். யாப்பருங்கலக்காரிகையை மனனம் செய்யக்கூடிய மாணவனுக்கு இது மலையன்று. ஆண்டுதோறும் விழா எடுக்கும் தமிழ்ச்சங்கம், விடுமுறையில் ஊர்செல்லும் மாணவர் ஒவ்வொருவரிடமும் தம் தோட்டத்தின் ஒரு கொப்பியையேனும் ஒழுங்காகப் படமாக்கி வருமாறு கேட்கட்டும். பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி இரண்டு வட்டுகளுக்குப் போதும்.

நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்த தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்களால் வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் எழுதியபடி அவர்கள் வாழ்வு சென்றது. நாம் வாசிக்கக் கற்றோம். இனி, வாசிப்பதற்கு எது மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும் வரியையும் நாமே எழுதவேண்டும். அவ்வரி இன்று ஒரு நிரலில், தரம் 75 என்றும் அளவு 72 என்றும், எவரும் கேள்வி கேட்காத இடத்தில் இருக்கின்றது. அதனை மாற்றுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.